நிரந்தரமாக மூடப்பட்டது

ஐசக்கைப் பற்றிச் சொல்லப்பட்ட அந்தக் கதையைப் பொன்னுரங்கம் நான்கு வருடமாகவே முழுசாக நம்பியதில்லை. நம்பாமலேயே அதன்படி நடந்து வந்தார். நம்பி நடந்திருந்தால் ஏமாந்த மனிதன் என்று ஆகியிருக்கும். நம்பாமல் நடந்தவனுக்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியவில்லை. இன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு, செல்லத்துரையின் ஆன்லைன் சென்டரில், ஒரு கால் வளைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் திரையில் ஒரு நீலக் கோடு வலப்பக்கமாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதும் அந்தப் பெயரைத்தான் தேடிக்கொண்டிருந்தார். கோட்டுக்குக் கீழே பன்னிரண்டு சதவீதம் என்று இருந்தது. அந்தக் கோட்டுக்குள் அவருடைய கடை ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிட வீடியோ: தெரு முனை, போர்டு, சாவி போட்டு ஷட்டரைத் தூக்கும் அவருடைய கை, உள்ளே சுவரோரம் சாவு வீடுகளுக்கு வாடகைக்குப் போகும் ஃப்ரீசர் பெட்டி, அதன் கண்ணாடி மூடி, மேசை, லைசென்ஸ். எங்கேயும் வெட்டக் கூடாது, ஒரே மூச்சில் எடுக்க வேண்டும் என்று விதி. போன மாதம் கடையை இரண்டு கதவு தள்ளி மாற்றியதும் மேப்பில் கதவு எண்ணைத் திருத்தினார்கள். திருத்தியதும் மேப் சந்தேகப்பட்டது. நீ இருக்கிறாயா, காட்டு என்றது. இரண்டு தடவை காட்டியும் இரண்டு தடவையும் தள்ளிவிட்டது. இன்றைக்குக் கடைசி நாள். இதுவும் போனால் ‘கருணை ஃப்ரீசர் பாக்ஸ் சர்வீஸ்’ என்ற ஒன்று புதுக்கோட்டையில் இருப்பதே போனில் தேடுகிறவர்களுக்குத் தெரியாது. தேடுகிறவர்கள்தான் அவருக்குச் சோறு. சாவு விழுந்த வீட்டிலிருந்து யாரும் தெருவில் இறங்கிப் போர்டு பார்த்து வருவதில்லை. அழுகிறவர்கள் அழ, ஓரமாக ஒரு மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ நின்று போனில் தடவுவார். மேலே எது வருகிறதோ அதற்கு அடிப்பார். இரண்டாவதாக வருகிற கடைக்கு அடிக்கக்கூட அங்கே யாருக்கும் பொறுமை இருக்காது.

“அண்ணே, நீங்க முறைச்சுப் பாக்குறதால ஒண்ணும் வேகமா ஏறாது. டீ சொல்லட்டா?” என்றான் செல்லத்துரை.

“வேண்டாம்.”

“காலைலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடல போல. மூஞ்சி சரியில்ல.”

“எப்பவும் இருக்கிற மூஞ்சிதான்.”

“அதுவும் சரிதான்” என்று சிரித்துவிட்டு, வருமானச் சான்றிதழ் கேட்டு வந்த பெண்ணின் ஆதார் அட்டையை வாங்கிக்கொண்டான். நாற்பது வயது, நல்ல பையன். பையன் என்று சொல்லிப் பழகிவிட்டது. மேப்பில் கடையைப் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். மெயில் ஐடி, பாஸ்வேர்டு எல்லாம் அவனிடம். நேரம் மாற்றுவது, படம் ஏற்றுவது, வருகிற கேள்விகளுக்குப் பதில் போடுவது எல்லாம் அவன். மாதம் ஒருமுறை வரும் மெயிலை வாசித்துக் காட்டுவான். உங்கள் வாடிக்கையாளர்களை மீண்டும் வரவழையுங்கள் என்று அதில் இருக்கும். பொன்னுரங்கம் முதல் தடவை அதைக் கேட்டபோது மனைவி வேதவல்லியிடம் போய்ச் சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள். அப்புறம், சே, பாவம் இல்லையா, சிரிக்கக் கூடாது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இந்தத் தொழிலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பும்போது ‘வர்றேன்’ என்று சொல்லக் கூடாது. சொல்லாமல்தான் நடக்க வேண்டும். பின்னால் திரும்பிப் பார்க்காமல், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல். இருபத்திரண்டு வருடம் அப்படி நடந்து நடந்து, கல்யாண வீட்டில்கூட அவருக்குச் சொல்லிக்கொண்டு கிளம்ப வருவதில்லை. பிறகு எப்படி ஸ்டார் போடுங்கள் என்று கேட்பது? கேட்காமலே சிலர் போட்டிருந்தார்கள். பெட்டி நல்ல குளிர்ச்சி, அப்பா இரண்டு நாளும் முகம் மாறாமல் இருந்தார், ஐந்து ஸ்டார். அக்கா துபாயிலிருந்து வந்து சேரும்வரை கரண்ட் பிரச்சனை இல்லை, ஜெனரேட்டர் கொடுத்தார்கள், நான்கு ஸ்டார். அந்த ஒரு ஸ்டாரை எதற்குக் குறைத்தார்கள் என்று ஒருநாள் முழுக்க யோசித்திருக்கிறார். மொத்தம் முப்பத்தொன்று. அதில் மேலேயிருந்து ஏழாவது, அவரிடம் முன்பு வண்டி ஓட்டிய ஐசக் எழுதியது. ‘மச்சான் கடை. எந்த நேரமும் நம்பிக் கூப்பிடலாம்.’ ஐந்து ஸ்டார். ஐந்து வருடத்துக்கு முந்தியது. அதை ஐசக் அழிக்கவில்லை. இதுதான் முள். கடை மூடிவிட்டது என்று ஊருக்கு அறிவித்தவன், எந்த நேரமும் கூப்பிடலாம் என்று எழுதியதை ஏன் விட்டுவைத்தான்? மறந்திருப்பான் என்று செல்லத்துரை சொன்னான். மறந்திருக்கலாம். பொன்னுரங்கம் வாரத்துக்கு ஒருமுறையாவது அது இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் ஒரு எரிச்சல் வரும். ஒருநாள் இல்லாமல் போய்விட்டால் என்ன வரும் என்று நினைக்காமல் போனை மூடி வைத்துவிடுவார்.

இருபத்தெட்டு சதவீதம். முதல் வீடியோவை எடுத்த அன்றைக்குப் பெட்டி ஆலங்குடிப் பக்கம் ஒரு வீட்டில் இருந்தது. கடைக்குள் வெறும் சுவர். வெறும் சுவரைக் காட்டினால் மேப் எப்படி நம்பும்? தொழில் நடந்தால் கடையில் ஒன்றும் இருக்காது. கடையில் பெட்டி இருந்தால் அன்றைக்குத் தொழில் இல்லை. இதை அந்த விதி எழுதியவர்களுக்கு யார் சொல்வது? இரண்டாவது தடவை பெட்டி இருந்தது, போர்டு இல்லை. போர்டு மேல் யாரோ ஒரு முன்னாள் கவுன்சிலருக்குக் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸைக் கட்டிவிட்டிருந்தார்கள். கருணை என்ற எழுத்துகளுக்கு மேலே செத்துப்போன மனிதர் கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பெட்டி கொடுத்தது பொன்னுரங்கம்தான். அதனால் இன்றைக்குப் பெட்டியை வெளியே அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருந்தார். காலை ஆறேகாலுக்குத் திருக்கோகர்ணத்திலிருந்து போன் வந்தது. ஒரு பெண் குரல். அம்மா போயிட்டாங்க, பெட்டி வேணும் என்றாள். பெட்டி வெளிய போயிருக்கும்மா என்று பொய் சொன்னார். பொய் சொன்ன வாய் மூடுவதற்குள், வேற நம்பர் ஏதாவது இருக்காங்கய்யா என்று கேட்டாள். ஐசக்கின் நம்பரைச் சொன்னார். போனில் தேட வேண்டியிருக்கவில்லை. பத்து எண்ணும் வரிசையாக வாயில் வந்து நின்றன. நான்கு வருடமாக ஒருமுறைகூட அடிக்காத நம்பர். நடு எண்களை இரண்டு இரண்டாகச் சேர்த்துச் சொல்லும் ஐசக்கின் பழக்கத்தோடேயே வந்தது. அவளும் அதே மாதிரித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். சரியாம்மா என்றார். கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒரு சாவுக்குப் போகாமல் இருந்ததற்கு வெட்கம், ஐசக்கிடம் போனதில் ஒரு நிம்மதி, நிம்மதி வந்ததற்கு மறுபடி வெட்கம். அரைமணி நேரம் கழித்துத்தான் பல் விளக்கப் போனார்.

ஐசக் அவரிடம் பதினோரு வருடம் வண்டி ஓட்டினான். பிறகு லோன் போட்டுச் சொந்தமாக ஒரு பெட்டியும் ஆம்புலன்ஸும் வாங்கினான். சொல்லிவிட்டுத்தான் வாங்கினான். வேதவல்லியிடம் வந்து, தங்கச்சி, மச்சான் கோவிச்சுக்குவாரா என்று கேட்டுவிட்டு வாங்கினான். கோவிச்சுக்கிட்டா சோறு போடமாட்டேன் என்றாள் அவள். அடுத்த வருடமே அவளுக்குச் சிறுநீரகம் போய், வாரத்துக்கு இரண்டு தடவை ரத்தம் சுத்தம் பண்ணி, ஆவணியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் போய்விட்டாள். பெட்டிக்கு எங்கேயும் போன் பண்ண வேண்டியிருக்கவில்லை. கடையிலிருந்த பெட்டியையே வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இடப்பக்கக் கண்ணாடியில் சின்னக் கீறல் இருக்கும், அவருக்குத் தெரியும். அது அவள் காதுக்கு நேரே வந்தது. கம்ப்ரஸர் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறதே, ஃபேன் பார்க்கணுமே என்று ஒரு நினைப்பு ஓடியது. ஓடிய மறுகணம் தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போட ஆள் இல்லையே என்று பெண்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, ஐசக் ஒரு மஞ்சள் பையோடு உள்ளே வந்தான். அரக்குக் கரை வைத்த பச்சைச் சேலை. நீ வேதக்காரன், இதெல்லாம் உனக்கு ஆகுமா என்று யாரோ கேட்டார்கள். ஐசக் சேலையை விரித்து அவள் மேல் போர்த்தினான். போர்த்தும்போது அவன் தோள்கள் குலுங்கியதைப் பொன்னுரங்கம் பார்த்தார். அப்படிப்பட்டவன், பத்தாம் நாள், போனை எடுத்து, மேப்பைத் திறந்து, மச்சான் கடை நிரந்தரமாக மூடப்பட்டது என்று அறிவித்தான். இதுதான் கதை. இதைத்தான் அவர் நான்கு வருடம் சுமந்திருந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கடையைத் திறந்தார். போன் வரவில்லை. ஒரு வாரம். ஊரில் சாவு குறைந்துவிட்டது என்று நினைத்தார். மூன்று வாரம். அப்புறம்தான் தண்ணி கேன் போடுகிறவர், என்னண்ணே கடையை மூடிட்டீங்கன்னு போட்டிருக்கு, நான் நேத்து எங்க பெரியப்பாவுக்கு வேற இடத்துல சொல்லிட்டேனே என்றார். போனை வாங்கிப் பார்த்தார். கடைப் பெயருக்குக் கீழே சிவப்பில் இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தையும் கடையைச் சொல்லவில்லை, வேதவல்லியைச் சொல்லின. நேராக இங்கேதான் வந்தார், இதே மேசைக்கு. எவன்டா பண்ணினது என்று கத்தினார். வாழ்க்கையில் அவனை ‘டா’ போட்டுப் பேசியது அந்த ஒரு தடவைதான். செல்லத்துரை வெளுத்துப்போய், தெரியாத ஆளுங்ககூட இது மூடியிருக்குன்னு சொல்ல முடியும்ணே, போட்டிக்காரங்க பண்ணுவாங்க என்றான். நம்ம ஊர்ல போட்டி யாரு? செல்லத்துரை, ஐசக் அண்ணன்தான் என்றான். சொன்னானா? பொன்னுரங்கம் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நினைப்பு தடுக்கும். ஐசக் என்ற பெயரை முதலில் சொன்னது யார்? செல்லத்துரையின் உதடு அந்தப் பெயரைச் சொல்வது போல ஒரு சித்திரம் அவரிடம் இருந்தது. ஆனால் சத்தம் அவருடைய குரலில் கேட்டது. ஐசக்கா என்று அவர் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, இருக்கும்ணே என்றான். அன்றைக்கே கடை திறந்திருக்கிறது என்று மேப்பில் மாற்றியும் கொடுத்தான். அவ்வளவுதான். அந்த ‘இருக்கும்’ அடுத்த மாதம் ‘அவருதான்’ ஆயிற்று. அடுத்த வருடம், பத்தாம் நாள் பண்ணினாரு, அவரு போன்லேர்ந்துதான் பண்ணினாரு என்று தேதியோடும் விவரத்தோடும் வளர்ந்துவிட்டது. ஒவ்வொரு விவரமும் எப்போது சேர்ந்தது என்று அவரால் சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் அவர்தான் கிளறினார். கிளறக் கிளற அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தான்.

போன வருடம் ஐசக் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தான், மனைவியோடு, தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்து. இந்து வீட்டுக்கு எப்படி வைக்க வேண்டும் என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்க வேண்டும். பொன்னுரங்கம் கடையின் பின்னறையில், மடக்கி வைத்த சாமியானாத் துணிகளுக்கு நடுவே நின்றார். அண்ணன் இல்லையே என்று, படம் எடுக்க வந்திருந்த செல்லத்துரை வாசலில் சொன்னது கேட்டது. துணியில் ஊதுபத்தி வாசம், ஈர வாசம். வண்டி இங்கதான் நிக்குது என்று ஐசக்கின் மனைவி சொன்னாள். ஐசக், வா போலாம் என்றான். அவன் வருத்தமாகச் சொன்னானா, கோபமாகச் சொன்னானா என்று துணிகளுக்குள்ளிருந்து தெரியவில்லை. தட்டைத் திண்டில் வைத்துவிட்டுப் போனான். வாழைப்பழம் கறுத்துப்போகிற வரைக்கும் அதை யாரும் தொடவில்லை.

ஐம்பத்து மூன்று. போன் அடித்தது. திருக்கோகர்ணத்துப் பெண். பதறி எடுத்தார்.

“அய்யா, பெட்டி வந்திருச்சுங்க. சொல்லணும்னு தோணுச்சு.”

“சரிம்மா.”

“அவரு உங்க பேரைக் கேட்டாரு. நம்பர் யாரு குடுத்தாங்கன்னு கேட்டாரு, சொன்னேன். ‘அவரா குடுத்தாரு’ன்னு ரெண்டு தடவை கேட்டாருங்க. அப்பறம் ‘அவரு கடை திறந்துதானே இருக்கு?’ன்னு கேட்டாரு. எனக்குத் தெரியலன்னு சொல்லிட்டேன்.”

அவர் நன்றி என்றோ வர்றேன் என்றோ சொல்லாமல் போனை வைத்தார். கடை திறந்துதானே இருக்கு. செய்தவன் கேட்டால் அது குத்தல். செய்யாதவன் கேட்டால் அது பதற்றம், அவருக்கு உடம்புக்கு ஏதாவதோ, தொழிலை விட்டுவிட்டாரோ என்ற பதற்றம். ஒரே வாக்கியத்தை இரண்டு முகத்தில் வைத்துப் பார்த்தார். குத்தல் முகம் ஐசக்குக்கு ஒட்டவில்லை. எவ்வளவு முயன்றும் ஒட்டவில்லை. கோடிச் சேலையைப் போர்த்திய கையின் மேல் அந்தக் குத்தலை வைத்தால் வழுக்கி விழுந்தது. நான்கு வருடமும் இப்படித்தான் வழுக்கி விழுந்திருக்கும், தான்தான் ஒவ்வொரு நாளும் எடுத்து எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. எதற்கு? ஐசக் இல்லை என்றால் வேறு யார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஏதோ நிற்பது அவருக்குத் தெரியும். இருட்டில் ஒரு அறைக்குள் ஆள் நிற்பது தெரியுமே, அப்படி.

“அண்ணே, இது ஏறி முடிஞ்சதும் பழைய கேஸ் நம்பர் ஒண்ணு கேக்கும். இப்பவே எடுத்து வச்சுருவோம்” என்று செல்லத்துரை வந்து உட்கார்ந்தான். மெயிலைத் திறந்து கடைப் பெயரைப் போட்டுத் தேடினான். வரிசையாக மெயில்கள் விழுந்தன. மேலே போன வாரத்தவை. அவன் கீழே உருட்டினான். தேவைக்கு மேலே உருட்டிவிட்டான். வருடங்கள் ஓடின. ஓரிடத்தில் மவுஸ் சக்கரம் நின்றது. ஒரு வரி. ‘உங்கள் கணக்கிலிருந்து இந்த வணிகம் நிரந்தரமாக மூடப்பட்டதாகக் குறிக்கப்பட்டுள்ளது.’ வலது ஓரத்தில் தேதி. செல்லத்துரையின் விரல் சட்டென்று மேலே தள்ளியது. வரி ஓடிப்போயிற்று. “கேஸ் நம்பர் மேலதான் இருக்கு” என்றான், யாரும் கேட்காமல். அவன் காது சிவந்திருந்தது.

கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனாலும் அந்தத் தேதியைப் படிக்க அவருக்குக் கண்ணாடி வேண்டாம். வருடா வருடம் அந்தத் தேதியில் இலை போட்டுப் படைக்கிறார். ஆகஸ்ட் இருபத்தொன்பது. அது பத்தாம் நாள் இல்லை, அவள் போன அதே வியாழக்கிழமை. உங்கள் கணக்கிலிருந்து. ஐசக்கின் போனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பாஸ்வேர்டு தெரிந்தவன் ஒருவன்தான். ஆத்திரம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. இவனா? அன்றைக்கு முழுக்க ஓடியது இவன்தானே. நாற்காலி இறக்கியது, சொந்தக்காரர்களுக்குப் போன் பண்ணியது, மாலை வாங்கியது. அந்த நடுவில் உட்கார்ந்து கடையை ஏன் மூடுவான்? இவனுக்கு அதில் என்ன கிடைக்கும்? யாராவது சொல்லாமல் இவன் ஒரு படத்தைக்கூட மாற்றமாட்டான். ஞாயிற்றுக்கிழமை நேரத்தை மாற்றக்கூட, அண்ணே மாத்திரட்டா என்று இரண்டு தடவை கேட்பான். யாராவது சொல்லாமல்.

அறைக்குள் நின்ற ஆள் நகர்ந்தான். சாயங்காலம் நாலு, நாலரை இருக்கும். ஐசக் சேலை போர்த்திவிட்டு வெளியே போயிருந்தான். பெண்கள் கொஞ்சம் அழுகையை நிறுத்திவிட்டுக் காப்பி குடித்தார்கள். அவர் பெட்டியின் தலைமாட்டில் சுவரில் சாய்ந்திருந்தார். டிகிரி காட்டும் சின்னத் திரையைக் கை தானாகப் போய்த் தொட்டது. பதினெட்டு வருடப் பழக்கம். மூன்று டிகிரி. சரியாக இருக்கிறது என்று மனசு குறித்துக்கொண்டது. அந்தக் கணம்தான். சரியாக இருக்கிறது என்று தோன்றியதே, அந்தக் கணம் அவருக்குத் தன் தொழில் மேல், தன் கை மேல், இந்தப் பெட்டி வேண்டும் என்று ஊர் முழுக்க யாரெல்லாம் கூப்பிடுகிறார்களோ அவர்கள் மேலெல்லாம் ஒரு அருவருப்பு வந்தது. பையில் போன் அடித்தது. யாரோ பெட்டி கேட்டார்கள். கட் பண்ணினார். மறுபடி அடித்தது. அப்போது ஏதோ சொன்னார். வாய் அசைந்தது நினைவிருந்தது. இத்தனை வருடமும் அதைச் சுவரைப் பார்த்துத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதாகவே வைத்திருந்தார். இனிமே இந்தக் கடை கிடையாது. இன்னையோட முடிஞ்சுது. எவனும் கூப்பிடக் கூடாது. அப்படித்தான் ஏதோ. ஆனால் அவர் பக்கத்தில் ஒருவன் குனிந்து நின்றான், அவர் கையிலிருந்து அடிக்கிற போனை மெல்ல வாங்கினான். நான் பாத்துக்கிறேன்ணே என்றான். மாலை நார் ஒட்டிய கை. அந்தக் கைக்கு மேலே இருந்த முகத்தை அவர் நான்கு வருடமாக நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

சொல்லியிருந்தால்? சொல்லியிருந்தால் இவன் செய்தது சரி. ஐந்து வாரம் கழித்து, எவன்டா பண்ணினது என்று வந்து கத்திய ஆளிடம், நீங்கதான் சொன்னீங்க என்று எப்படிச் சொல்வான்? பெண்டாட்டி செத்த அன்றைக்குச் சொன்னதை மறந்துவிட்டு நிற்கிற மனிதனிடம்? ஒரு ‘இருக்கும்’ சொல்லி அந்த நேரத்தைத் தள்ளியிருக்கிறான். பிறகு அதிலிருந்து வெளியே வர அவனுக்கு வழி தெரியவில்லை, இவரும் விடவில்லை. சொல்லவில்லை என்றால்? அப்படியும் இருக்கலாம். தான் எதுவும் சொல்லாமல், இவனே பதற்றத்தில் ஏதோ அழுத்தி, அதை மறைத்திருக்கலாம். அது சுலபமாக இருக்கும். மறுபடி ஒருவன் கிடைப்பான், மூஞ்சியைத் திருப்பிக்கொள்ள. அந்தச் சுலபம் அவருக்குப் பயமாக இருந்தது. ஐசக்கிடம் இதே சுலபத்தோடுதான் ஆரம்பித்தார்.

தொண்ணூற்றாறு. தொண்ணூற்றெட்டு. கோடு முழுசாக நிறைந்து, பச்சையில் ஒரு குறி விழுந்தது. பெறப்பட்டது, உங்கள் கடை தற்போது திறந்திருப்பதாகக் காட்டப்படும் என்று வந்தது.

“முடிஞ்சுதுண்ணே. வாங்கிக்கிச்சு” என்றான் செல்லத்துரை. திரையைப் பார்த்தபடியே சொன்னான். எழுந்திருக்கவில்லை. மவுஸின் மேல் அவன் கை அப்படியே இருந்தது. வருமானச் சான்றிதழ் வாங்க வந்த பெண் காகிதத்தை மடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். மின்விசிறி மட்டும் சுற்றியது. பொன்னுரங்கம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவன் முகத்தை ஒழுங்காகப் பார்க்க வேண்டும் போல இருந்தது. நாற்காலியைக் கொஞ்சம் அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, சாவு வீட்டில் பேசுகிற தணிந்த குரலில் கேட்டார்.

“தம்பி, வேதா போன அன்னைக்குச் சாயங்காலம், கடையை மூடிடச் சொல்லி உன்கிட்டச் சொன்னது நானா?”